கத்திரி வெயிலும் புறக்கடைக் கோழியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை)

முன்னுரை

கல்லூரி ஆண்டு மலருக்குக் கோழியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் சிரித்தனர். விண்வெளியைப் பற்றி எழுதலாம், மரபணுப் பொறியியலைப் பற்றி எழுதலாம், கோழியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்பது நம் பழமொழி. வானத்தை நண்பர்கள் பார்த்துக் கொள்ளட்டும். நான் கூரையடியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு வேலூரை அடுத்த புறநகர்ப் பகுதியில், மூன்று சென்ட் மனையில் இருக்கிறது. ஒரு பக்கம் மணலும் வேலிகாத்தானுமாய்க் கிடக்கும் பாலாறு. மறு பக்கம் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் அனலைக் கக்கும் பாறைக் குன்றுகள். இடையில் எங்கள் நகர். மே மாதத்தில் இங்கே நாற்பது டிகிரி செல்சியசைத் தாண்டுவது செய்தியே அன்று. பாலைவனம் என்று இதனைச் சொல்ல இயலாது என்பது உண்மையே. ஆயினும் அக்கினி நட்சத்திர நாட்களில் பகல் ஒரு மணிக்கு எங்கள் தெருவில் நின்று பார்ப்பவர்கள் அச்சொல்லைத் தேடிக்கொண்டுதான் நிற்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, பேருந்துக்கும் செலவில்லை. அந்தக் குறைந்த கட்டணத்தையும், தேர்வுக் கட்டணத்தையும், பதிவேடு வாங்கும் பணத்தையும் தந்தவை எங்கள் அம்மாவின் கோழிகள். முட்டை விற்ற பணத்தை அம்மா ஒரு கடுகு டப்பாவில் போட்டு வைப்பார். ஆகவே கோழி எனக்குப் பாடப்பொருள் மட்டும் அன்று. பாடம் படிக்க வைத்த பொருளும் ஆகும். அப்படிப்பட்ட கோழிகளில் ஏழினை ஒரே பிற்பகலில் நான் கொன்றேன். அது எவ்வாறு நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கட்டிய கொட்டகை

மேனிலைப் பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டுக் காலம் நான் ஒரு காலணித் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தேன். அதில் சேர்ந்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஆறு தகரத் தகடுகள் வாங்கி, புழக்கடையில் கோழிகளுக்கு ஒரு கொட்டகை அமைத்தேன். அதுவரை அவை பகலில் வேப்பமரத்தடியில் கிளறித் திரிந்து, இரவில் பஞ்சாரத்தின்கீழ் அடைபவை. பக்கத்து மனையில் புது வீடு கட்டி வந்தவர்கள் கோழி தங்கள் தொட்டிச் செடிகளைக் கிளறுவதாகக் குறைபட்டுக் கொண்டனர். தெருநாயும் கீரியும் வேறு. மூன்று பக்கமும் தகரம், மேலேயும் தகரம், முன்பக்கம் பலகைக் கதவு. படித்த பிள்ளை ஒழுங்காக ஒன்று செய்திருக்கிறான் என்று தெருவில் நால்வர் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மே மாத நடுவில் ஒரு திருமணத்திற்காக அம்மாவும் நானும் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது.

“மரத்தடியிலயே விட்டுட்டுப் போலாம்டா. வெயிலு கொளுத்துது” என்றார் அம்மா.

“நாய் வந்தா யாரும்மா பாக்கறது? உள்ளயே இருக்கட்டும்” என்றேன்.

பசியோடு இருக்கக் கூடாதே என்று காலை ஒன்பது மணிக்குக் கம்பும் தவிடும் தாராளமாக வைத்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்தேன். கதவைத் தாழிட்டேன். மாலை ஆறு மணிக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோது, இருந்த பதினொரு பெட்டைகளில் ஏழு இறக்கையை விரித்தபடி இறந்து கிடந்தன. டப்பாவில் தண்ணீர் பாதிக்குமேல் மீதி இருந்தது. அதில் விரலை விட்டேன், சுட்டது.

வெள்ளைக் கழிச்சல் வந்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கண் பட்டுவிட்டது என்றார் எதிர்வீட்டு ஆயா. ஆனால் பச்சையும் வெள்ளையுமான கழிச்சல் இல்லை. கழுத்துத் திருகல் இல்லை. மிஞ்சிய நான்கு கோழிகள் அதன்பின் ஒரு நாளும் நோயுறவில்லை. அந்த நான்கும் எங்கே கிடந்தன தெரியுமா? கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை ஒட்டி, தரையில் அலகை வைத்துக் கிடந்தன. நோய் கதவோரம் பார்த்துத் தப்ப விடுவதில்லை. காற்றுத்தான் அப்படிச் செய்யும்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஏழினையும் சாக்கில் எடுத்துப் போய் ஆற்றோரம் புதைத்துவிட்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

வெப்பம் வெளியேறும் நான்கு வழிகள்

அடுத்த வாரம் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியை இரவல் தந்து, “முதலில் அளந்து பார், பிறகு அழலாம்” என்றார். வெறுங் கொட்டகையில், கோழி நிற்கும் உயரத்தில், பகல் ஒன்றரை மணிக்கு வெப்பமானி 47 டிகிரி காட்டியது. அதே நேரத்தில் வேப்பமரத்தடியில் 39. ஒரே புழக்கடையில், இருபது அடித் தொலைவில், எட்டு டிகிரி வேறுபாடு. இந்த எட்டு டிகிரி ஏன் உயிரைக் குடிக்கிறது என்பதை அறியக் கோழியின் உடலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடல் வெப்பநிலை 37 டிகிரி. கோழியின் உடல் வெப்பநிலை 41 முதல் 42 டிகிரி வரை. நமக்குக் கடுங்காய்ச்சல் என்பது அதற்கு இயல்பு நிலை. அந்த நிலையிலிருந்து மேலே செல்ல அதற்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. உடல் வெப்பம் 46, 47 டிகிரியை எட்டினால் கோழி பிழைப்பதில்லை. மேலும் அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. உடல் முழுதும் இறகுப் போர்வை வேறு.

உடலில் உண்டாகும் வெப்பம் நான்கு வழிகளில் வெளியேறுகிறது. குளிர்ந்த தரையில் வயிற்றைப் பதித்துக் கிடக்கும்போது தரைக்குள் செல்வது வெப்பக் கடத்தல். மேலே வீசும் காற்று எடுத்துச் செல்வது வெப்பச் சலனம். சுற்றிலும் உள்ள குளிர்ந்த பொருள்களை நோக்கிக் கதிராய்ச் செல்வது வெப்பக் கதிர்வீச்சு. மூச்சில் நீர் ஆவியாகிச் செல்லும்போது உடன் செல்வது நான்காவது வழி. கோழியின் சிவந்த கொண்டையும் தாடியும் அழகுக்கு மட்டும் அமைந்தவை அல்ல. இறகில்லாத அப்பகுதிகளில் குருதி மிகுதியாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. வெயில் நேரத்தில் கோழி இறக்கையைத் தளர்த்தித் தூக்கி நிற்பதும் இதற்காகவே. இறக்கையின் அடிப்பகுதியில் இறகு குறைவு.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். முதல் மூன்று வழிகளும் சுற்றுப்புறம் கோழியைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் பயன்படும். 39 டிகிரி வேப்பமரத்தடியில் கோழியின் உடல் இன்னும் இரண்டு டிகிரி சூடானது. வெப்பம் மெல்ல வெளியேறும். 47 டிகிரித் தகரக் கொட்டகையில் நிலைமை தலைகீழாகிறது. காற்று வெப்பத்தைத் தருகிறது, தரை தருகிறது, வெயிலைக் குடித்த தகரம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அதைக் கீழே பொழிகிறது. வெப்பம் வெளியேற வேண்டிய மூன்று வாசல்களும் வெப்பம் உள்ளே நுழையும் வாசல்களாக மாறிவிடுகின்றன. மிஞ்சுவது நான்காவது வாசல் ஒன்றே. அது தண்ணீரால் திறப்பது.

ஒரு தண்ணீர்க் கணக்கு

ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எங்கள் சிறுவிடைக் கோழி ஒன்றின் எடை 1.2 கிலோகிராம் எனக் கொள்வோம். அதன் உடலில் ஒரு மணி நேரத்தில் உண்டாகும் வெப்பம் தோராயமாக 5 கிலோகலோரி. இவ்வளவையும் மூச்சின் வழியாகவே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு ஏறத்தாழ 9 கிராம் நீர் ஆவியாக வேண்டும். பகல் பதினொன்று முதல் நான்கு வரை ஐந்து மணி நேரம். ஆக 45 கிராம். பதினொரு கோழிக்கு அரை லிட்டர். இது கோழி தானே உண்டாக்கிய வெப்பத்திற்கு மட்டும். தகரத்திலிருந்து உள்ளே வரும் வெப்பத்திற்கும், எச்சத்தோடு வெளியேறும் நீருக்கும் தனிக் கணக்கு.

நான் வைத்ததோ ஒரு லிட்டர். கணக்குப்படி அதுவே பற்றாக்குறை. அதிலும் பெரிய தவறு, அது சூடேறிப் போனது. கோழி சூடான நீரை விரும்பிக் குடிப்பதில்லை. தாகத்தோடு நின்றாலும் அலகை நனைத்துவிட்டு விலகிவிடும். எனவேதான் டப்பாவில் தண்ணீர் மீதியிருக்க, கோழிகள் நீரின்றி இறந்தன. இயல்பான நாட்களில் கோழி தான் உண்ணும் தீனியின் எடையைப் போல் இரண்டு மடங்கு நீர் அருந்தும். கடும் வெயிலில் அந்த அளவு இரு மடங்காகும்; அதற்கு மேலும் போகும்.

மற்றொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்ட தீனி செரிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் உண்ட உடனே உச்சம் அடைவதில்லை. சில மணி நேரம் கழித்தே அடைகிறது. காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறையத் தீனி வைத்தால் அதன் சூடு சரியாக உச்சி வெயிலோடு வந்து சேரும். வெளியே தகரம், உள்ளே கம்பு. இரண்டு அடுப்புக்கு இடையில் கோழியை வைத்துவிட்டுத்தான் நான் பந்தியில் அமர்ந்திருந்தேன்.

இரைப்பும் முட்டை ஓடும்

கோடையில் கோழி வாயைத் திறந்துகொண்டு இரைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இயல்பாக நிமிடத்திற்கு முப்பதை ஒட்டி இருக்கும் மூச்சு அப்போது நூற்றைம்பதையும் தாண்டுகிறது. மூச்சோடு நீராவி மட்டும் வெளியேறவில்லை. கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் குருதியின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது.

இதனால் வரும் விளைவை நம் அன்னையர் அனைவரும் அறிவர்: கோடை முட்டைக்கு ஓடு மெல்லிது. முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் தீனியிலிருந்து வருகிறது. கார்பனேட் பகுதியோ குருதியில் கரைந்துள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது. மூச்சில் அந்த வாயு வீணாகிவிட்டால், எவ்வளவு கிளிஞ்சல் தூள் போட்டாலும் ஓடு முழுமையாக அமையாது. 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பத்தில் வாடிய லெகார்ன் கோழிகளுக்குக் கரியமில வாயு கலந்த நீரைக் குடிக்கத் தந்து ஓட்டின் தரம் உயர்வதைக் கண்டனர். அதாவது, நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் சோடாவைப் போன்ற நீர்! அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ஒரு முட்டை விக்கிற காசு சோடாவுக்குப் போனா ஓடு கெட்டியா இருந்து என்ன, மெல்லிசா இருந்து என்ன?” என்று கேட்டார். பொருளாதாரத் துறை நண்பர்கள் இதற்கு விடை கூறட்டும்.

பாலைவன நகரத்தில் கோழி

எங்கள் ஊரிலேயே இப்படி என்றால் உண்மையான பாலைவனத்தில் கோழி எவ்வாறு வாழ்கிறது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சொனோரன் பாலைவனத்தில் அமைந்துள்ள ஃபீனிக்ஸ் நகரம். 1990-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று அங்கே வெப்பநிலை 122 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 50 டிகிரி செல்சியசை எட்டியது. 2023-ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அது 43.3 டிகிரி செல்சியஸ். கோழியின் உடல் வெப்பத்தைவிட மிகுதி. 2024-இல் தொடர்ந்து 113 நாட்கள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. கற்காரையும் தார்ச்சாலையும் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் உமிழ்வதால் அங்கே இரவும் எளிதில் தணிவதில்லை.

அத்தகைய நகரத்தைச் சூழ்ந்த மேசா, கில்பர்ட், சான்ட்லர் போன்ற புறநகர்களில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்கள் பலர். 2024-ஆம் ஆண்டு அம்மாநில ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் கையொப்பமிட்ட ஒரு சட்டம், அரை ஏக்கருக்கு மிகாத தனி வீட்டு மனையில் ஆறு கோழிகள் வரை வளர்ப்பதை நகராட்சிகள் தடை செய்யக் கூடாது என்கிறது. சேவலை மட்டும் தடை செய்யலாம் என்கிறது. சேவல் கூவுவதால் அண்டை வீட்டாருடன் பிணக்கு ஏற்படுவது எங்கள் தெருவுக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்து ஆறுதல் கொண்டேன்.

43 டிகிரியில் அக்கோழிகள் பிழைப்பதற்குக் காரணம் அங்குள்ள காற்றின் வறட்சி. ஜூன் மாதப் பிற்பகல்களில் அங்கே காற்றின் ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவது உண்டு. வறண்ட காற்று நீரை விரைந்து ஆவியாக்கும். எனவே நான் மேலே சொன்ன நான்காவது வாசல் அங்கே அகலத் திறந்திருக்கிறது. கோழியின் இரைப்பு முழுப் பயன் தருகிறது. வளர்ப்பவர்கள் நுண்துளிகளாக நீரைத் தெளிக்கும் குழாய்களைக் கூட்டின் ஓரத்தில் கட்டுகின்றனர். தரையை நனைத்து வைக்கின்றனர். கோழி கால் நனைத்து நிற்க ஆழமில்லாத தட்டில் நீர் வைக்கின்றனர். தர்ப்பூசணித் துண்டு போடுகின்றனர். உறைய வைத்த நீர்ப் புட்டிகளைக் கூட்டில் கிடத்துகின்றனர். கூடு மரநிழலில் அல்லது நிழல்வலையின்கீழ் இருக்கும். பக்கங்கள் கம்பி வலையால் திறந்திருக்கும்.

ஆனால் ஜூலையில் அந்தப் பாலைவனத்திற்கும் ஒரு பருவமழைக் காலம் வருகிறது. காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்போது ஈரத்தை நம்பிய குளிர்விப்புக் கருவிகள் பயன் குன்றுகின்றன. வெப்பநிலை இரண்டொரு டிகிரி குறைந்தாலும் கோழியின் துன்பம் குறைவதில்லை. இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம், வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதாகும். சென்னையிலோ கடலூரிலோ கடற்காற்றின் புழுக்கத்தில் கோழி வளர்ப்பவர் தண்ணீரைத் தெளித்தால் புழுக்கம் கூடும். அவருக்கு வேண்டியது காற்றோட்டம். வேலூரின் வறண்ட மே மாதப் பிற்பகலில் கோழி வளர்ப்பவருக்கோ ஈரச் சாக்கு அருமருந்து. மண்பானையில் நீர் குளிர்வதும், ஈரச் சாக்கின் பின்னால் காற்றுக் குளிர்வதும், கோழி இரைத்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்வதும் ஒரே விதியின் மூன்று தோற்றங்களே.

எந்தக் கோழி தாங்கும்?

உலகின் வீட்டுக் கோழிகளுக்கு முதன்மையான மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. நம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. பல கோழிகளின் மஞ்சள் நிறத் தோலுக்குரிய மரபணு அதனிடமிருந்து வந்தது என்பது 2008-இல் தெரியவந்தது. மூதாதையர் இருவரும் மரநிழலில் வாழ்பவர்கள். கோழி இயல்பிலேயே நிழலைத் தேடும் உயிர். வெட்டவெளி வெயிலுக்கு அது படைக்கப்படவில்லை.

உடல் சிறுத்தால் எடைக்கு ஏற்ற தோற்பரப்பு கூடும். வெப்பம் எளிதில் வெளியேறும். எனவே சிறுவிடை தாங்கும் வெயிலைப் பெருத்த உடலுள்ள கறிக்கோழி தாங்காது. விரைந்து வளர வேண்டும் என்று உருவாக்கப்பட்ட கறிக்கோழியின் உடலில் உண்டாகும் வெப்பமும் மிகுதி. பெரிய கொண்டையும் மெலிந்த உடலும் கொண்ட லெகார்ன் வெயிலை ஓரளவு தாங்கும். மொட்டைக் கழுத்துக் கோழிக்கு ஒரு மரபணுவால் இறகு குறைகிறது. அம்மரபணு ஒற்றையாக இருந்தால் இறகு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், இரட்டையாக இருந்தால் ஐந்தில் இரு பங்கும் குறையும். மெண்டலின் பாடத்தில் நாம் படிக்கும் குறை ஓங்குதன்மைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அழகில்லை என்று சந்தையில் ஒதுக்கப்படும் அக்கோழிக்குக் கோடை நாளில் அந்த மொட்டைக் கழுத்தே காப்பு.

இவ்வாண்டு செய்யவிருப்பவை

கடந்த கோடையின் பிற்பாதியில் எஞ்சிய நான்கு கோழிகளை வைத்துச் செய்து பார்த்தவற்றையே இவ்வாண்டும் செய்ய இருக்கிறேன். கொட்டகையின் பக்கத் தகரங்களைக் கழற்றிக் கம்பி வலை அடித்துவிட்டேன். மேல் தகரத்தை வேப்பமர நிழலுக்கு நகர்த்தி, அதன்மேல் ஒரு முழ உயரத்திற்குத் தென்னங்கீற்றுப் பரப்பி, சுண்ணாம்பும் அடித்தேன். கீற்று வெயிலைத் தகரம் வரை வரவிடாது. வெள்ளை நிறம் மிஞ்சிய ஒளியைத் திருப்பி அனுப்பும். மேற்குப் பக்கத்தில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுப் பகலில் மூன்று முறை நனைக்கிறோம். அவ்வாறு செய்த பின்பு பகல் ஒன்றரை மணிக்கு உள்ளே வெப்பமானி 35 காட்டியது.

தீனி, விடியலில் ஆறு மணிக்குள் ஒரு முறை. வெயில் தாழ்ந்தபின் ஒரு முறை. இடையில் கீரைத் தண்டும் தர்ப்பூசணித் தோலும் மட்டும். தண்ணீர், அகன்ற மண்சட்டிகள் இரண்டில், நிழலில், நண்பகலில் மாற்றப்படுகிறது. மயங்கி விழுந்த கோழியை உடனே நிழலுக்குக் கொணர்ந்து, தலை மேலிருக்குமாறு பிடித்துக் கால்களையும் வயிற்றையும் சாதாரணக் குளிர்ந்த நீரில் சில நிமிடம் வைக்க வேண்டும். தானே குடிக்கத் தொடங்கும் வரை வாயில் நீரை ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலுக்குள் போய்விடும். வெயிலோடு நோயும் சேர்ந்துவிடாதபடி, கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு இம்முறை எல்லாக் கோழிகளையும் கூடையில் எடுத்துச் சென்று வந்தோம்.

முடிவுரை

இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்தும் அளந்தும் கண்டுபிடித்தபின் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார். “இதெல்லாம் முன்னமே அப்படித்தானடா இருந்துச்சு” என்றார். உண்மைதான். மரத்தடி, பஞ்சாரம், மண்சட்டி, விடியற்காலைக் கம்பு எல்லாம் முன்னரே இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் தகரத்தை வைத்தவன் நான். அவர் செய்துவந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. காரணத்தைச் சொல்ல அவருக்குச் சொல் இல்லை. எனக்குச் சொல் இருந்தது, காரணம் தெரியவில்லை. அதற்காக முன்னோர் செய்தன எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரைக்கும் கோழிக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தவரும் அம்மாதான். தடுப்பூசி போட்டால் முட்டை நின்றுவிடும் என்று பல ஆண்டுகள் அஞ்சியவரும் அவரே. அளந்து பார்த்தால் இருவர் சொல்லிலும் எது நிற்கும் என்று தெரிந்துவிடும்.

அந்த நான்கு கோழிகளும் அடை வைத்துப் பெருகி இன்று ஒன்பது பெட்டைகள் இருக்கின்றன. இந்தப் பருவத் தேர்வுக் கட்டணம் மீண்டும் கடுகு டப்பாவிலிருந்தே வந்தது.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது பங்குனி பிறந்திருக்கும். கத்திரி தொடங்க இன்னும் சில வாரங்கள் உள்ளன. நம் கல்லூரியில் பயில்வோரில் என்னைப் போல் கோழி வளர்க்கும் வீட்டிலிருந்து வருபவர் பலர். தகரக் கொட்டகை வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு அதற்குள் குனிந்து சென்று, கோழி நிற்கும் உயரத்தில் முகத்தை வைத்து, பத்து நிமிடம் இருந்து பாருங்கள். வெப்பமானி கூட வேண்டியதில்லை.